அரசு உதவி வழக்கு நடத்துநர் ஆவது எப்படி? நெல்லைப் பக்கத்து இளம் வக்கீல்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

பாளையங்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் டீ குடிக்கும்போது ஜூனியர்கள் யாராவது பக்கத்தில் வந்து நிற்பார்கள். "அண்ணாச்சி, ஏபிபி பரீட்சைக்கு எந்தப் புத்தகம் வாங்கணும்?" என்பதுதான் முதல் கேள்வி. ஏபிபி என்றால் அரசு உதவி வழக்கு நடத்துநர். புத்தகம் நான்காவது படியில்தான் வருகிறது. நான் பார்த்தவரை வழுக்கி விழுந்தவர்களில் பாதிப் பேர் பரீட்சைக்கு முன்பே, தங்களுடைய ஐந்து வருட அனுபவத்தைத் தாளில் காட்ட முடியாமல் விழுந்தவர்கள். பிறரிடம் ஆவணம் கேட்கப் போகிற வேலை இது. முதல் வழக்கு நம்முடையதுதான்.

அதனால் படிகளை நடக்க வேண்டிய வரிசையிலேயே தருகிறேன்.

1. எந்த வாசல் என்று முதலில் முடிவு செய்யுங்கள்

ஊரில் எல்லாரையும் "கவர்மெண்ட் வக்கீல்" என்றே சொல்வார்கள். உள்ளே இரண்டு தனித்தனி வாசல்கள் இருக்கின்றன.

செஷன்ஸ் நீதிமன்றத்தில் நிற்பவர் அரசு வழக்கறிஞர், அல்லது கூடுதல் அரசு வழக்கறிஞர். இவரை நியமிப்பது மாநில அரசு. மாவட்ட ஆட்சியர் செஷன்ஸ் நீதிபதியைக் கலந்து பெயர்ப்பட்டியல் தயாரிப்பார். குறைந்தது 7 ஆண்டு வக்கீல் தொழில் வேண்டும். பிஎன்எஸ்எஸ் (புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா) 18-ஆம் பிரிவில் இது இருக்கிறது. இதற்குப் போட்டித் தேர்வு கிடையாது. ஆட்சி மாறினால் ஆளும் மாறுவது வழக்கம்.

மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் நிற்பவர் அரசு உதவி வழக்கு நடத்துநர், அதாவது ஏபிபி. 19-ஆம் பிரிவு இவருக்கானது. தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தேர்வு வழியாக, குற்ற வழக்கு தொடர்வுத் துறையில் நிலை-II பணியில் சேர்வார். இது நிரந்தர அரசு வேலை. பதவி உயர்வும் உண்டு, இடமாற்றமும் உண்டு. நடத்துநர் என்றதும் சந்திப்புப் பேருந்து நிலையம் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.

இந்த வழிகாட்டி இரண்டாவது வாசலுக்கானது. முதலிலேயே முடிவு செய்யச் சொல்வதற்குக் காரணம், ஏபிபி பணிக்குக் கேட்கப்படும் அனுபவம் வேறு: குற்றவியல் நீதிமன்றங்களில் குறைந்தது 5 ஆண்டு நடைமுறைத் தொழில். வாகன விபத்து இழப்பீடும் சிவில் வழக்கும் நடத்திக் கைநிறையச் சம்பாதித்த ஐந்து வருடம் இங்கே செல்லுபடி ஆகாது.

2. பதிவு, தகுதித் தேர்வு, ஒரு நோட்டு

தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலில் பதிவு செய்யுங்கள். பதிவுக் கட்டணம் பொதுப் பிரிவினருக்கு 750 ரூபாயையும், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 125 ரூபாயையும் தாண்டக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2024 ஜூலையில் சொல்லிவிட்டது. அகில இந்திய பார் தேர்வைத் தள்ளிப் போடாதீர்கள். அதை முடிக்காமல் இரண்டு ஆண்டு தாண்டினால் தொழில் செய்யும் உரிமையே கேள்விக்குள்ளாகும், உங்கள் ஐந்து ஆண்டுக் கணக்கிலும் ஓட்டை விழும்.

பதிவான அன்றே ஒரு நீள நோட்டு வாங்குங்கள். தேதி, நீதிமன்றம், வழக்கு எண், காவல் நிலையம், குற்ற எண், அன்று நீங்கள் செய்தது என்ன: ஒரு நாளைக்கு ஒரு வரி போதும். ஐந்து வருடம் கழித்து ஞாபகத்திலிருந்து எழுத முடியாது.

அப்புறம், வக்காலத்தில் சீனியர் பெயருக்குக் கீழே உங்கள் பெயரும் இருக்கட்டும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. இணையத்தில் வழக்கு விவரத்தைத் தேடினால் பெரும்பாலும் சீனியர் பெயர் மட்டும்தான் வரும். விசாரணையை முழுக்க நடத்தியவர் நீங்களாக இருந்தாலும் காகிதத்தில் நீங்கள் இல்லை. சீனியரிடம் கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், கேளுங்கள்.

3. ஐந்து ஆண்டை எங்கே செலவழிப்பது

என் கருத்து இது, எல்லாரும் ஏற்க மாட்டார்கள்: முதல் இரண்டு ஆண்டாவது பாளையங்கோட்டையை விட்டு வெளியே போங்கள். அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி, நாங்குநேரி, வள்ளியூர் மாதிரி ஊர்களில் உள்ள நீதிமன்றங்களில் வக்கீல் கூட்டம் குறைவு. அங்கே ஜூனியருக்குக் குறுக்கு விசாரணை கிடைக்கும். பெரிய வளாகத்தில் வாய்தா வாங்குவதோடு முடிந்துபோகும்.

சீனியரைத் தேர்ந்தெடுக்கும்போது பெயரைப் பார்க்காமல், அவர் சாட்சிக் கூண்டு வரை வழக்கைக் கொண்டுபோகிறவரா என்று பாருங்கள். பெயில் மட்டும் போடும் அலுவலகத்தில் ஐந்து ஆண்டு இருந்தாலும் மகஜர் சாட்சியை (சம்பவ இடத்தைப் பார்த்ததற்கும் பொருளைக் கைப்பற்றியதற்கும் சாட்சிக் கையெழுத்திட்டவரை) எப்படி விசாரிப்பது என்று தெரியாது.

கற்றுக்கொள்ளும் வரிசையும் முக்கியம். முதல் ஆறு மாதம் ரிமாண்டு, பெயில் மனுக்கள். அடுத்து, எதிரிக்கு, அதாவது குற்றம் சாட்டப்பட்டவருக்கு, கொடுக்கும் குற்றப்பத்திரிகை நகல்களை ஆரம்பம் முதல் கடைசி வரை படிப்பது. பிறகு அடிதடி வழக்கில் மருத்துவரை விசாரிப்பது. கடைசியாகப் புலனாய்வு அதிகாரி. இந்த வரிசைக்குக் காரணம் உண்டு. அதிகாரியை மடக்க, வழக்கின் மற்ற எல்லாத் தாளும் கையில் இருக்க வேண்டும்.

எதிரித் தரப்பில் நின்று பழகியது அரசுத் தரப்புக்கு உதவுமா என்று கேட்பார்கள். அதுதான் நல்ல பயிற்சி. குற்றப்பத்திரிகையில் எந்த இடத்தில் கை வைத்தால் வழக்கு உடையும் என்று ஐந்து வருடம் தேடினவருக்குத்தான் அதை முன்கூட்டியே அடைக்கத் தெரியும்.

4. தேர்வுக்குப் படிப்பது

இந்தப் பணிக்கான அறிவிக்கை ஆண்டுதோறும் வருவதில்லை. அதனால் "வரட்டும், படிப்போம்" என்பது நடக்காத காரியம். தேர்வாணையத்தின் ஒருமுறைப் பதிவை முன்பே செய்து வையுங்கள். கட்டணம் 150 ரூபாய், 5 ஆண்டு செல்லும். வயது வரம்பு, சலுகை, பாடத்திட்டம் ஆகியவற்றை அந்தந்த அறிவிக்கையில் பாருங்கள். முந்தின முறை எழுதிய நண்பர் சொன்னார் என்று நம்பிப் போகாதீர்கள்.

முதல்நிலைத் தேர்வில் சரியான விடையைத் தேர்ந்தெடுக்க வேண்டும். முதன்மைத் தேர்வு விரித்து எழுதுவது. இரண்டுக்கும் ஒரே மாதிரி படிப்பதுதான் பெரிய தவறு. முதல்நிலைக்குச் சட்டப் புத்தகத்தைப் பிரிவு வாரியாகப் படித்தால் போதும், வழிகாட்டி நூல்கள் வேண்டாம். முதன்மைக்குக் கை வலிக்க எழுதிப் பழக வேண்டும். தினமும் மனு தட்டச்சு செய்யும் நமக்குப் பேனா பிடித்து மூன்று மணி நேரம் எழுதுவது மறந்தே போயிருக்கும்.

பழைய சட்டம், புதிய சட்டம் இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். 2024 ஜூலை 1-க்கு முன் நடந்த குற்றத்துக்கு இந்திய தண்டனைச் சட்டம்தான். அன்றைக்கு நிலுவையில் இருந்த விசாரணைகள் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டப்படியே தொடரும். நம் ஊர் ஸ்டேஷன்களில் மந்திரம் மாதிரி ஒலித்த "294 பி, 323, 324, 506 இரண்டு" இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 296 பி, 115(2), 118(1), 351(3): ஆபாசப் பேச்சு, சாதாரணக் காயம், ஆயுதத்தால் காயம், கொலை மிரட்டல். இந்த நான்கை மட்டும் மனப்பாடம் செய்தவர் நிறைய. அவற்றின் தண்டனைக் காலம் என்ன என்று கேட்டால் முழிப்பார்கள். ஆறாவது படியில் அது எதற்கென்று தெரியும்.

தமிழ்வழி இட ஒதுக்கீடு கேட்பவர்கள் கவனிக்க: சட்டப் பட்டம் மட்டும் தமிழில் படித்தால் போதாது. 2020 திருத்தத்துக்குப் பின் முதல் வகுப்பிலிருந்தே தமிழ்வழி என்று சான்று வேண்டும். ஆரம்பப் பள்ளியில் போய்ச் சான்று வாங்க ஒரு மாதம்கூட ஆகலாம். தலைமையாசிரியர் மாறியிருப்பார், பதிவேடு பீரோவின் அடியில் கிடக்கும். அறிவிக்கைக்குக் காத்திராமல் பள்ளி திறந்திருக்கும் நாளில் இப்போதே போய் வாங்குங்கள்.

5. அனுபவச் சான்று

தகுதிகள் எல்லாம் அறிவிக்கை நாளில் முழுமையாக இருக்க வேண்டும். நான்கு ஆண்டு பதினோரு மாதம் என்றால் அடுத்த முறைதான்.

சான்றின் படிவத்தையும், யார் கையெழுத்திட வேண்டும் என்பதையும் அறிவிக்கையில் உள்ளபடியே பின்பற்றுங்கள். "இவர் நல்ல வழக்கறிஞர், எனக்கு நன்கு தெரியும்" என்று சங்கத் தாளில் வாங்கிய கடிதம் பாராட்டுப் பத்திரம், அவ்வளவுதான். கூடவே இரண்டாவது படியில் சொன்ன நோட்டு, நீங்கள் ஆஜரான வழக்குகளின் தீர்ப்பு நகல்கள், வக்காலத்து நகல்கள் ஆகியவற்றை ஆண்டு வாரியாகக் கட்டி வையுங்கள். சான்று தருபவருக்கும் அப்போதுதான் கையெழுத்திட மனம் வரும். ஆறு மாதமாகத் தன் நீதிமன்றத்தில் பார்த்த ஒருவருக்கு ஐந்து ஆண்டுக்கு யார்தான் உறுதி சொல்வார்கள்?

6. வேலையில் சேர்ந்தபின்: குற்றப்பத்திரிகையைப் பார்ப்பது

சேர்ந்த முதல் வாரத்திலேயே ஸ்டேஷன் ரைட்டர் ஒரு கட்டுக் கோப்போடு வந்து நிற்பார். "சார், சும்மா ஒரு பார்வை" என்பார். சும்மா பார்க்கக் கூடாது, இந்த வரிசையில் பாருங்கள்.

முதலில் காலக்கெடு, அதாவது எவ்வளவு காலத்துக்குள் வழக்கு நீதிமன்றத்துக்கு வர வேண்டும் என்பது. ஓராண்டு வரை தண்டனை உள்ள குற்றத்துக்கு ஓராண்டு. ஓராண்டுக்கு மேல் மூன்று ஆண்டு வரை என்றால் மூன்று ஆண்டு. அபராதம் மட்டும் என்றால் ஆறு மாதம். பல பிரிவுகள் சேர்ந்து வந்தால் கடுமையான பிரிவை வைத்துத்தான் கணக்கு. கொலை மிரட்டல் பிரிவுக்கு ஏழு ஆண்டு வரை தண்டனை என்பதால் அதற்குக் கெடுவே இல்லை. அந்தத் தைரியத்தில் அதை எல்லா வழக்கிலும் ஒட்டிவிடுவார்கள். ஆனால் சாட்சி வாக்குமூலத்தில் மிரட்டின வார்த்தையே இருக்காது. அந்தப் பிரிவு உதிர்ந்து, மிஞ்சியது வெறும் கைகலப்பு என்றால், ஓராண்டுக் கேள்வியை எதிர்த்தரப்பு உடனே எழுப்பும். முதலில் இதைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம், மற்ற குறைகளைத் திருத்தலாம், போன நாளைத் திருத்த முடியாது.

இரண்டாவது, பிரிவுக்கும் வாக்குமூலத்துக்கும் பொருத்தம். ஆயுதம் என்று பிரிவு சொல்லும். காயச் சான்றிதழ் கையால் அடித்தது என்று சொல்லும். மருத்துவரிடம் முதலில் என்ன சொன்னார்கள் என்பதை ஸ்டேஷன் வாக்குமூலத்தோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள்.

மூன்றாவது, இடம். மாநகர எல்லையா, மாவட்ட எல்லையா? தென்காசி 2019 நவம்பரில் தனி மாவட்டம் ஆனதிலிருந்து எல்லையோரக் கிராமங்களில் இந்தக் குழப்பத்தைப் பார்த்திருக்கிறேன். பார்வை மகஜரையும் வரைபடத்தையும் சேர்த்து வைத்துப் பாருங்கள்.

நான்காவது, மின்னணுச் சான்று. நான் சூடுபட்டது இங்கேதான். வேலைக்கு வந்த புதிதில், ஒரு கடைத் திருட்டு வழக்கில் கண்காணிப்புக் கேமரா பதிவு பென் டிரைவில் வந்தது. எதிரி முகம் பளிச்சென்று தெரிந்தது. அந்த உற்சாகத்தில் சான்றிதழ் இருக்கிறதா என்று பார்க்கவே இல்லை. விசாரணையில் எதிர்த்தரப்பு எழுந்து ஒரே ஒரு ஆட்சேபணை சொன்னது. பதிவு உள்ளே வரவில்லை, எதிரி வெளியே போனார். இப்போது பிஎஸ்ஏ (புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம்) 63-ஆம் பிரிவுப்படி சான்றிதழுக்கு இரண்டு பகுதி. ஒன்று கருவியைக் கையாண்டவர் தருவது, மற்றது நிபுணர் தருவது. பதிவுக் கோப்பின் ஹாஷ் மதிப்பும் (கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் அடையாள எண்) அதில் இருக்க வேண்டும். ஒரு பகுதி இல்லாவிட்டாலும் கோப்பைத் திருப்பிக் கொடுங்கள்.

ஐந்தாவது, சோதனையும் கைப்பற்றலும் காணொளியாகப் பதிவானதா? பிஎன்எஸ்எஸ் 105 அதைக் கேட்கிறது.

குறைகளை வாயால் சொல்லாமல் எழுதிக் கொடுங்கள், ஒரு நகல் உங்களிடம் இருக்கட்டும். அதே நேரம் எல்லை தெரிய வேண்டும். நீங்கள் கருத்துச் சொல்லலாம், புலனாய்வு செய்ய முடியாது. தமிழ்நாட்டிலிருந்து போன சரளா எதிர் வேலு வழக்கில், அரசு வழக்கறிஞரின் கருத்தைக் கேட்டு அதன்படி குற்றப்பத்திரிகை போடச் சொல்லி உயர் நீதிமன்றம் இட்ட உத்தரவை உச்ச நீதிமன்றம் 2000-இல் ரத்து செய்தது. "நான் சொல்கிறபடி எழுது" என்று ரைட்டரிடம் சத்தம் போடும் புதியவர்கள் இதைப் படித்திருக்க மாட்டார்கள்.

7. சாட்சியைக் கூண்டில் ஏற்றும் முன்னும் பின்னும்

சாட்சி வந்த அன்று காலை, நீதிமன்றம் கூடுவதற்கு முன் பேசுங்கள். சொல்லிக்கொடுப்பதற்கு இல்லை. அவர் எழுதிக் கொடுத்ததாகக் கோப்பில் இருப்பது அவர் சொன்னதுதானா என்று தெரிந்துகொள்ளத்தான். முக்கூடலிலிருந்து பீடி சுற்றும் அம்மா ஒருவர் வந்தால் அன்றைய கூலி போயிற்று. மூன்று வாய்தா அலைந்தால் நான்காவது வாய்தாவுக்கு வரவே மாட்டார். அதனால் விசாரிக்க வாய்ப்பில்லாத நாளில் சாட்சியை வரவழைக்காதீர்கள். கோர்ட் ஏட்டிடம் முந்தின நாளே பட்டியலைக் கொடுத்து யார் வர வேண்டும், யார் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். "தாயி, உட்காருங்க, இன்னைக்கு முடிச்சுடலாம்" என்று ஒரு வார்த்தை சொன்னாலே பாதிப் பயம் போய்விடும்.

நம் பக்கத்துக் கோயில் கொடை (ஊர்த் திருவிழா) அடிதடி வழக்குகளை எடுத்துக்கொள்ளுங்கள். வரி, முதல் மரியாதை, வில்லுப்பாட்டு மேடைக்கு முன்னால் யார் உட்காருவது என்று எதிலாவது தொடங்கி மண்டை உடையும். அடுத்த கொடைக்குள் ஊர் கூடிப் பேசி முடித்துவிடுவார்கள். வழக்கு விசாரணைக்கு வரும்போது சாட்சி "எனக்கு ஒண்ணும் தெரியாது, போலீசு கையெழுத்து வாங்கினாங்க" என்பார். பிறழ்சாட்சி.

இங்கே புதியவர்கள் செய்யும் தவறு ஒன்றேதான். பிறழ்சாட்சி என்று அறிவிக்கக் கேட்டுவிட்டு, வாக்குமூலம் முழுவதையும் ஒரே மூச்சில் வாசித்து, "இப்படிச் சொன்னீர்களா?" என்பார்கள். "இல்லை." முடிந்தது. இது எதற்கும் உதவாது.

சரியான வரிசை இது. முதலில் நீதிமன்றத்தின் அனுமதி, பிஎஸ்ஏ 157. பிறகு வாக்குமூலத்தில் முரண்படும் வரியை மட்டும் எடுத்து, அதை சாட்சிக்குக் காட்டிக் கேளுங்கள், பிரிவு 148. மறுத்தால் அந்தப் பகுதியைக் குறித்துக்கொள்ளச் சொல்லுங்கள். கடைசியில் புலனாய்வு அதிகாரி கூண்டில் ஏறும்போது, சாட்சி அந்த வரியைத் தன்னிடம் சொன்னார் என்று அவர் வாயால் நிரூபியுங்கள். இந்தக் கடைசிப் படியை மறப்பவர்கள்தான் அதிகம், ஏனென்றால் அதற்குள் எட்டு மாதம் போயிருக்கும். கோப்பின் மேலட்டையிலேயே சிவப்பு மையில் எழுதி வையுங்கள்.

பிறழ்சாட்சி சொன்னது எல்லாமே குப்பை இல்லை. சம்பவம் நடந்தது, தான் அங்கே இருந்தேன் என்பதை அவர் ஒத்துக்கொண்டிருந்தால் அந்தப் பகுதியை நீதிமன்றம் நம்பலாம். முதல் விசாரணையிலேயே சின்னச் சின்ன உண்மைகளைத் தனித்தனிக் கேள்வியாகக் கேட்டு வாங்கிவிடச் சொல்வது இதனால்தான்.

8. ஆட்களை நடத்துவது, அழுத்தத்தைத் தாங்குவது

ஏபிபி-க்குக் கீழே பெரிய படை எதுவும் கிடையாது. காவல்துறை உங்களுக்குக் கீழ் வேலை செய்யவில்லை. அவர்களுக்குத் தனி அதிகாரிகள், தனி வரிசை. ஆனாலும் நான்கைந்து ஸ்டேஷன்களின் கோப்பு உங்கள் மேசைக்கு வருகிறது. அங்கேதான் தலைமை வேண்டியிருக்கிறது.

நான் கண்ட வழி எளிமையானது. ஆறாவது படியில் உள்ள ஐந்து கேள்விகளைத் தமிழில் ஒரு பக்கத்தில் அச்சடித்து ஒவ்வொரு ரைட்டருக்கும் கொடுத்தேன். கோப்பின் முதல் பக்கமாக அதை நிரப்பி வைத்தால்தான் வாங்குவேன் என்றேன். முதல் மாதம் முணுமுணுப்பு. மூன்றாம் மாதத்திலிருந்து நீதிமன்றம் குறை காட்டித் திருப்பி அனுப்பும் கோப்புகள் குறைந்ததும் அவர்களே கேட்டு வாங்கிப் போனார்கள். இன்ஸ்பெக்டர் முன்னால் ரைட்டரைத் திட்டாதீர்கள். அவரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னால் அடுத்த கோப்பு சரியாக வரும்.

அழுத்தம் வரும். பெரும்பாலும் மென்மையாகத்தான் வரும்: "நம்ம பையன்தான், பார்த்து…" அதற்குப் பதில், "சார், கோப்பில் என்ன இருக்கோ அதுதான்." அதற்கு மேல் விளக்க வேண்டாம், விளக்கினால் பேரம் தொடங்கும். வழக்கைத் திரும்பப் பெறுவது என்றால் பிஎன்எஸ்எஸ் 360 இருக்கிறது. வழக்கு நடத்துநர் தானே யோசித்து முடிவெடுத்து மனுப் போட வேண்டும், நீதிமன்றம் இசைய வேண்டும், பாதிக்கப்பட்டவரின் பேச்சைக் கேட்காமல் அனுமதிக்கக் கூடாது என்பது புதிய சேர்க்கை. மேலிருந்து வந்த தாளில் அப்படியே கையெழுத்திடுவது இந்தப் பிரிவு கேட்கிற வேலை ஆகாது.

எதிரிக்குச் சாதகமான ஆவணம் கோப்பில் இருந்தால் மறைக்காதீர்கள். நீங்கள் நிற்பது அரசுக்காக. வெற்றிக் கணக்குக்காக இல்லை. மாஜிஸ்திரேட் ஒருமுறை உங்கள் வார்த்தையைச் சந்தேகித்துவிட்டால் அந்த நீதிமன்றத்தில் உங்கள் மீதிக் காலம் முழுக்கக் கஷ்டம்தான்.

9. அதற்கு மேல்

நிலை-II இலிருந்து நிலை-I, பிறகு மேற்பார்வைப் பணிகள். பிஎன்எஸ்எஸ் 20-ஆம் பிரிவு வழக்கு தொடர்வு இயக்ககத்தின் வேலையைத் தண்டனை அளவை வைத்துப் பிரிக்கிறது: பத்து ஆண்டும் அதற்கு மேலும் உள்ள வழக்குகளை இயக்குநரும், ஏழு முதல் பத்துக்குள் உள்ளவற்றைத் துணை இயக்குநரும், ஏழுக்குக் கீழ் உள்ளவற்றை உதவி இயக்குநரும் கண்காணிக்க வேண்டும். மேலே போகப் போகக் கூண்டுக்கு முன் நிற்பது குறையும், மற்றவர் கோப்பைப் படிப்பது கூடும். வாதாடுவதில்தான் சந்தோஷம் என்பவர்கள் இதை முன்பே யோசித்துக்கொள்ளுங்கள்.

மாவட்ட நீதிபதி நேரடித் தேர்வுக்கு 7 ஆண்டு வக்கீல் அனுபவம் வேண்டும். அரசுச் சம்பளம் வாங்கும் ஏபிபி அந்தக் கணக்கில் வருவாரா என்ற சந்தேகத்தை உச்ச நீதிமன்றம் 2013-இல் தீபக் அகர்வால் வழக்கில் தீர்த்தது: நீதிமன்றத்தில் வழக்கு நடத்துபவர் வக்கீல்தான், வருவார். அதற்கு விண்ணப்பிக்கும்போதும் நீங்கள் நடத்திய வழக்குகளின் பட்டியலும் தீர்ப்புகளும் கேட்பார்கள். ஆகவே வேலை கிடைத்ததும் அந்த நீள நோட்டைப் பரணில் போட்டுவிடாதீர்கள். தீர்ந்த வழக்கின் எண், பிரிவு, முடிவு, தீர்ப்பு நகல் என்று மாதக் கடைசியில் அரை மணி நேரம் ஒதுக்கி எழுதிவிடுங்கள். இடமாற்ற உத்தரவு வந்த பிறகு பழைய நீதிமன்றத்துக்குப் போய் நகல் மனுப் போட்டு அலைவது எவ்வளவு கஷ்டம் என்பது அலைந்தவர்களுக்குத் தெரியும்.